பழங்கதையும் புதிய காதலும்: பால்புதுமையர் கதைகள் குறித்து ஒரு திறனாய்வு

பழங்கதையிலிருந்து புதுக்கதை பிறப்பது இலக்கிய உலகில் என்றும் உள்ள வழக்கம். வியாசரின் பாரதம் வில்லிபுத்தூராரிடத்தில் ஓர் உருக்கொண்டது. தெருக்கூத்துக் களத்தில் மற்றோர் உருக்கொண்டது. சில பத்தாண்டுகளாக இந்திய மொழிகளில் இவ்வழக்கம் புதியதொரு திசையிலும் செல்லக் காண்கிறோம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கொள்ளும் காதலையும், பிறப்பில் ஆணெனக் குறிக்கப்பட்டுப் பெண்ணாய் வாழும் திருநங்கையரின் காதலையும் பொருளாகக் கொண்டு, தொன்மங்களையும் நாட்டார் கதைகளையும் களமாக அமைத்து எழுதப்படும் கதைகள் பெருகி வருகின்றன. இம்மக்கள் அனைவரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்று இன்று வழங்குகின்றனர்.

இத்தகைய கதையொன்று கைக்கு வரும்போது ஆயர்களும் இறையியல் மாணவரும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளுள் ஒன்றையே எழுப்புகின்றனர். இது திருமறைக்கு ஒத்ததா என்பது ஒன்று. நம் முன்னோர் இதனை ஏற்றிருந்தனரா என்பது மற்றொன்று. இரண்டும் தேவையான கேள்விகளே. ஆயினும் கதையைத் திறவாமலே அதற்குத் தீர்ப்பு வழங்கிவிட இவை இடமளிக்கின்றன. கதையைத் திறந்து படிப்போர் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு என்பது நம் கருத்து. பழங்கதையில் இழப்புக்கு உள்ளானவர் எவர்? அவருக்குப் புதுக்கதை அளிப்பது யாது? இதனை உரைகல்லாகக் கொண்டு சில படைப்புகளை இங்கு ஆராய முற்படுகிறோம். வேலூர், ஆம்பூர்த் தோல் தொழிற்பகுதியில் ஆண்டுதோறும் விழாவாக நிகழும் ஒரு கதையிலிருந்து தொடங்குவோம். இப்பகுதிச் சபைகளில் பணிபுரிவோருக்கு அது புத்தகத்தில் படித்த கதையன்று. தெருவில் கண்ட கதை.

அம்மனின் சிரசு

வைகாசி முதல் நாளன்று குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடைபெறுகிறது. அம்மனின் தலை மட்டும் பெருங்கூட்டத்தின் நடுவே ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு, கோயிலில் சண்டாளச்சி உடல் என்று அழைக்கப்படும் உடலின்மேல் பொருத்தப்படுகிறது. அதன்பின்னரே அம்மன் முழுமை பெற்றவளாக மக்களுக்குக் காட்சி தருகிறாள்.

விழாவின் பின்னுள்ள கதை பலரும் அறிந்ததே. சமதக்கினி முனிவர் தம் மனைவி ரேணுகையின் கற்பு பழுதுபட்டதென்று கருதி, அவளைக் கொல்லும்படி மகன் பரசுராமனை ஏவுகிறார். இதனை மக்கள் சொல்லும் வழக்குகள் பல. அவற்றுள் ஒன்றில், சேரிப்பெண் ஒருத்தி ரேணுகையைக் கட்டி அணைத்துக்கொள்கிறாள். பரசுராமனின் கோடரி இரு தலைகளையும் ஒருங்கே வீழ்த்துகிறது. தாயை உயிர்ப்பிக்கும் வரத்தைப் பெற்ற மகன், பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறான். முனிவர் மனைவியின் தலையும் சேரிப்பெண்ணின் உடலும் கூடி எழுந்தவளே மாரியம்மன் என்பர். சேரிப்பெண்ணின் தலையும் ரேணுகையின் உடலும் கூடியவள், சில ஊர்களில், எல்லையில் நிற்கும் எல்லையம்மன் ஆகிறாள். சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் 1916ஆம் ஆண்டில் வெளியிட்ட, தென்னிந்தியக் கிராமத் தெய்வங்கள் பற்றிய தம் நூலில் இக்கதையைப் பதிவு செய்துள்ளார். எனவே திருச்சபையின் நூலகங்களுக்கும் இது புதியதன்று.

இரண்டு பெண்கள். ஒருத்தி கணவனாலும் மகனாலும் கைவிடப்பட்டவள். மற்றவள் ஊருக்குப் புறம்பே வைக்கப்பட்டவள். அணைத்த நிலையிலேயே இருவரும் வெட்டுண்டு, பிரிக்க இயலாதவாறு ஒருவரில் ஒருவராக எழுகின்றனர். இன்றைய எழுத்தாளர் ஒருவர் இதனுள் ஒரு காதற்கதையைக் காண்பாராயின் நமக்கு வியப்பில்லை. பழங்கதை அதனைக் காதல் என்று கூறவில்லை; ஆனால் அச்சேரிப்பெண் ஏன் அணைத்தாள் என்பதற்குக் காரணமும் கூறவில்லை. கூறாது விட்ட இடத்தில் நுழைவதே கதைஞரின் உரிமை.

அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அணைத்தவளுக்கு இக்கதையில் பெயர் இல்லை. தலையிழந்தவள் அவள், அவளுடைய உடலோ மற்றொருத்தியின் முகத்தைத் தாங்கும் பீடமாயிற்று. அவளைத் தோல் தொழில் செய்யும் குலத்தவள் என்று சொல்வோரும் உளர். ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், பேர்ணாம்பட்டிலும், இராணிப்பேட்டையிலும் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கும் கடும்பணி பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களின் கைகளிலேயே இருந்து வந்துள்ளது. இக்கதையைப் பெண்ணும் பெண்ணும் கொண்ட காதலாக எழுதுவோர், சேரியை மறந்து இரு பெண் உடல்களை மட்டும் கண்டால், கோடரி செய்த வேலையையே எழுதுகோலாலும் செய்தவராவர். அவளுக்கு ஒரு பெயரும், அவள் வாய்மொழியாக ஒரு காரணமும் அளிப்பவரே பழங்கதையின் கடனைத் தீர்ப்பவர்.

இக்கதை கடல்கடந்த வரலாறும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பிரெஞ்சுப் பயணி சொன்னேரா இந்தியாவில் கேட்டு 1782இல் வெளியிட்ட குறிப்பிலிருந்து இதனைப் பெற்ற செருமானியக் கவிஞர் கோதே, பறையர் என்னும் பொருள் குறித்த தம் மூன்று பாடல்களை 1824இல் வெளியிட்டார். தாழ்த்தப்பட்டோர் கடவுளிடம் தமக்கும் ஒரு மத்தியத்தர் வேண்டுமென மன்றாடும் குரல் அவற்றில் ஒலிக்கிறது. அதற்காக நாம் அவரைப் போற்றுகிறோம். ஆயினும் அவர் பெற்ற வடிவில் சேரிப்பெண் அடைக்கலம் தந்தவள் அல்லள். குற்றத்துக்காக முன்னரே தலை வெட்டப்பட்டுக் கிடந்தவள். அணைப்பு அங்கு இல்லை. கதை கைமாறும்போது முதலில் உதிர்வது எளியவர் செய்த நன்மையே என்பதற்கு இது சான்று. பழங்கதையைக் கையாளும் எவரும், நம்மையும் உள்ளிட்டு, அஞ்சவேண்டிய செய்தி இது.

ஓர் இரவின் திருமணம்

தமிழில் பால்புதுமையர் காதலுக்குத் தொன்மம் என்றவுடன் நினைவுக்கு வருவது அரவான் கதை. வடமொழிப் பாரதத்தில் அரவான் அருச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்தவன். போரில் எட்டாம் நாளில் மடிகிறான். அவன் களப்பலியாகத் தன்னை ஈந்த செய்தி தமிழ் மரபினது; பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அதனைக் காண்கிறோம். பலியாகுமுன் மணம் புரிய விரும்பிய அவனுக்குப் பெண் கொடுப்பார் எவருமின்மையால், கண்ணன் மோகினியாகி அவனை மணந்து, மறுநாள் கைம்பெண்ணாய் அழுதான் என்பதோ நாட்டார் வழக்கு. வடாற்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிற் பாரத விழாக்களில் இரவெல்லாம் நிகழும் கூத்தில் அரவான் களப்பலியும் இடம்பெறும். அங்குப் பெண் வேடம் புனைவோர் மரபாக ஆண்களே. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திங்களில் திருநங்கையர் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து அழுவது நாடறிந்த நிகழ்ச்சி.

சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவல் 1990களில் இவ்வுலகைப் பொதுவாசகரிடம் கொண்டுவந்த முன்னோடிப் படைப்பு. சுயம்பு என்னும் மாணவன் மேகலையாகும் வரலாற்றைக் கேலியின்றி, பரிவோடு அது கூறுகிறது. அந்நாள்வரை நகைச்சுவைக்கும் வசைக்கும் மட்டுமே பயன்பட்ட மனிதரை ஒரு நாவலின் நடுவில் நிறுத்தியது சிறு செயல் அன்று. ஆனால் பரிவு வேறு, காதல் வேறு. திருநங்கையர் எவரால் துன்புற்றனர் என்பதை அந்நாவல் நமக்கு அறிவிக்கும் அளவுக்கு, அவர் எவரை விரும்பினர், எவருடன் ஒரு வீட்டில் இருந்து உண்ண ஆசைப்பட்டனர் என்பதை அறிவிக்கவில்லை. அதன்பின் திருநங்கையர் தாமே எழுதலாயினர். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இலும், பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ என்னும் நாவல் 2008இலும், ரேவதியின் ‘வெள்ளை மொழி’ 2011இலும் வெளிவந்தன. இவற்றில் பேசுவோர் வேறொருவரின் பரிவை எதிர்பார்த்து நிற்பவர் அல்லர். தம் விருப்பத்தைத் தாமே சொல்பவர்.

அரவான் கதையைக் காதற்கதையாக எழுத முற்படுவோர்க்கு உள்ள இடர்ப்பாடு இதுவே. அக்கதை இரவை அளிக்கிறது, காலையை அளிக்கவில்லை. தாலி உண்டு, குடும்பம் இல்லை. மணம் உண்டு, மறுநாட் சமையல் இல்லை. அந்த ஓர் இரவை அழகுற வருணித்து, பொழுது விடியுமுன் முடித்துவிடும் கதைகள் வாசகரை நெகிழச் செய்யலாம். ஆயினும் அவை, இம்மக்களின் காதல் நீடிக்கலாகாது என்னும் உலகத்தின் தீர்ப்பையே வேறு மொழியில் உறுதி செய்கின்றன. துயரத்தை நீக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. கூவாகத்தில் எழும் ஒப்பாரி பொய்யன்று. அதில் ஆண்டெல்லாம் அடக்கிய அழுகை சேர்ந்து வெளிப்படுகிறது. துயரத்தோடு நின்றுவிடும் கதை பாதியே சொல்லப்பட்ட கதை என்பதே நம் கூற்று.

வீடு தந்த பேய்கள்

காலையையும் எழுதிக் காட்டிய கதையொன்று இராசத்தானி மொழியில் உண்டு. விஜய்தான் தேத்தா (1926–2013) தம் ஊராகிய போருந்தாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த மக்களிடம் கேட்ட கதைகளைப் புதிதாக்கி எழுதியவர். ‘பாத்தான் ரீ புல்வாடி’ என்னும் தொகுதிக்காக 1974இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றவர். ‘பஹேலி’ என்னும் இந்தித் திரைப்படம் அவர் கதையொன்றிலிருந்து உருவானது என்றால் பலருக்கும் விளங்கும். அவருடைய ‘தோஹ்ரீ ஜூண்’, அதாவது இரட்டை வாழ்வு, நம் ஆய்வுக்கு ஏற்ற படைப்பு.

நண்பர்களாகிய இரு வணிகர்கள், தமக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்கு மணம் முடிப்பதாக வாக்களித்துக்கொள்கின்றனர். இரண்டும் பெண்ணாய்ப் பிறக்கின்றன. அவருள் ஒருவர், சீதனத்தின் மேலுள்ள ஆசையால், தம் மகளை மகனென்று சொல்லி வளர்த்து மணமும் முடித்துவிடுகிறார். மணவறையில் உண்மை வெளிப்படுகிறது. இரு பெண்களும், பீஜாவும் தீஜாவும், பிரிவதில்லை என்று துணிகின்றனர். ஊர் சினந்தெழுகிறது. ஊருக்கு வெளியே பேய்கள் வாழும் பாழிடத்தில் அவர்கள் புகலடைகின்றனர். பேய்களின் தலைவன் மனிதரினும் இரக்கமுள்ளவனாக இருந்து அவர்களுக்கு மாளிகையும் காவலும் அளிக்கிறான்.

பழைய கதைகளின் போக்குப்படி, அடுத்து ஒருத்தி ஆணாக மாறவேண்டும். மாறியதும் சிக்கல் தீர்ந்து கதை முடியவேண்டும். தேத்தாவின் கதையிலும் வரத்தால் ஒருத்தி ஆணாகிறாள். ஆனால் சிக்கல் அங்குத்தான் பிறக்கிறது. ஆணுடல் பெற்றவுடன் அவளிடம் ஆணையிடும் குரலும், உடைமையுணர்வும், செருக்கும் புகுந்துவிடுகின்றன. முன்னிருந்த அன்பு தேய்கிறது. இறுதியில் அவள் தன் பழைய பெண்மையையே வேண்டிப் பெறுகிறாள். இருவரும் மீண்டும் இரு பெண்களாகவே வாழ்கின்றனர்.

தேத்தா இங்குச் செய்திருப்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நம் பண்டையோர் இதனை ஒப்புக்கொண்டனர் என்று அவர் சான்று தேடவில்லை. கதையில் ஊர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. நாட்டார் கதையின் உறுப்புகளாகிய வாக்குறுதி, வேடம், பேய், வரம் ஆகிய அனைத்தையும் அவ்வாறே வைத்துக்கொண்டு, அதன் முடிவை மட்டும் உள்ளிருந்தே கேள்விக்கு உட்படுத்துகிறார். உடல் மாறினால் எல்லாம் சரியாகும் என்னும் பழைய நம்பிக்கையை அக்கதையின் நிகழ்ச்சிகளே மறுக்கின்றன. இழந்தோர்க்கு அவர் அளிப்பது அழகிய சாவன்று, கூரையுள்ள வீடு. ஊரார் தராத அவ்வீட்டைப் பேய்கள் தந்தன என்பதில் உள்ள கண்டனம் கோயிலுக்கும் உரியது, சபைக்கும் உரியது. குறையொன்றும் சொல்லவேண்டும். பேய்களின் செல்வம் வேண்டியதையெல்லாம் அளித்துவிடுவதால், அவ்விருவரும் எவ்வாறு உழைத்து உண்டனர் என்பது கதையில் இடம்பெறவில்லை. வறியோரின் காதலை எழுதுவோர்க்கு அத்தகைய பேய்த்தலைவன் கிடைப்பதில்லை.

சான்றிதழ் தேடும் வாசிப்பு

தேவ்தத் பட்நாயக் போன்றோர் தொன்மங்களிலிருந்து பால்மாற்றக் கதைகளைத் திரட்டித் தந்துள்ளனர். சிகண்டியை முன்னிறுத்தி 2014இல் அவர் வெளியிட்ட தொகுப்பு பரவலாகப் படிக்கப்படுகிறது. இவை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று வாதிடுவோர்க்கு அத்தொகுப்பு தக்க விடை. ஆயினும் ஒரு கதை சான்றாக நிறுத்தப்படும்போது, அதிலுள்ள மனிதர் சாட்சிக் கூண்டில் நின்று ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கிவிடுகின்றனர். அவர்களுடைய அச்சமும் ஆசையும் கேட்கப்படுவதில்லை. பழமை அனுமதித்ததால் ஒன்று நன்று என்றால், பழமை அனுமதித்த சாதியையும் நாம் நன்று என்று கொள்ளவேண்டிவரும். ரேணுகை கதையே இதற்கு எச்சரிக்கை.

இக்குறை நம்மிடத்திலும் உண்டு. தாவீது யோனத்தானுக்காகப் பாடிய புலம்பலை ஒரு சாரார் ஒருபால் காதலுக்குச் சான்றிதழாகக் காட்டுகின்றனர். மற்றொரு சாரார் அது வெறும் நட்பே என்று முத்திரையிட்டு மூடுகின்றனர். இரு சாராரும் புலம்புகிறவனுடைய கண்ணீரின் அருகில் அமர்வதில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் தேவமோகினி என்னும் தலைவியின் குரலில் கிறிஸ்துவை நாடி உருகினார். அக்குரலில் ஆண்களும் பெண்களும் பாடினர், எவரும் குறைகூறவில்லை. இதனையும் சான்றிதழாக நாம் நீட்டவில்லை. அன்பைச் சொல்ல வேறொரு பாலின் குரலை இரவல் வாங்குவது தமிழ்ச் சபைக்கு அந்நியமன்று என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். அந்நினைவு, இக்கதைகளைக் கையிலெடுக்கும்போதே ஏற்படும் அருவருப்பைச் சிறிது தணிக்கும்.

ரூத்தின் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். நகோமியிடம் அவள் கூறிய உறுதிமொழி ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்குக் கூறியது. இன்று அது திருமண ஆராதனைகளிலும் ஒலிக்கிறது. அது எவ்வகை அன்பு என்று வகைப்படுத்துவதில் நாம் காலத்தைச் செலவிடுகிறோம். அப்புத்தகத்தின் ஆசிரியரோ வாற்கோதுமையை அளந்துகொண்டிருக்கிறார். வயல், கதிர், இரவு உணவு, கூரை, பிள்ளை என்று இழந்த இரு பெண்களுக்கும் மறுநாட் காலையை ஒவ்வொன்றாகக் கட்டித் தருகிறார். பழங்கதையைக் கொண்டு காதற்கதை எழுதுவோர் ஆழ்ந்து கற்கத்தக்க கலை இது.

சபைக்கு இதில் உள்ள பங்கு

இவை இலக்கிய நுட்பங்கள் மட்டுமே என்று எவரும் எண்ணவேண்டா. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் 2018இல் தளர்த்தியது. 2023இல் அத்தகையோரின் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்க மறுத்தது. 2025 மே மாதத்தில், வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகக் கொண்ட ஆட்கொணர்வு வழக்கில், தன் தோழியிடமிருந்து பிரித்து வீட்டில் வைக்கப்பட்ட பெண்ணொருத்தியைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும் நீதிபதிகள் கூறினர். இவ்வழக்கு நம் ஊர்களின் பெயரைச் சுமந்திருக்கிறது. அணைத்த கைகளைப் பிரிக்க முற்படும் வீடுகள் புராணத்தில் மட்டும் இல்லை.

இப்பொருள் குறித்துத் திருச்சபைகளிடையே ஒருமித்த முடிவு இல்லை என்பதை அறிவோம். இக்கட்டுரை அம்முடிவை வழங்க எழுந்ததன்று. ஆனால் முடிவுக்குக் காத்திருக்கும் காலத்திலும் ஆயரிடம் மனிதர் வந்துகொண்டுதான் இருக்கின்றனர். காலணித் தொழிற்சாலையின் பேருந்தில் நாள்தோறும் ஒரே இருக்கையில் அமர்ந்து செல்லும் இரு பெண்களில் ஒருத்தி, ஆராதனை முடிந்தபின் ஆயரைத் தனியே பார்க்க நிற்கலாம். அவள் சொல்ல வருவதற்கு அவளிடம் சொற்கள் இல்லாதிருக்கலாம். அவளைப் போன்றவர் பழங்கதையில் சாகின்றனர், திரைப்படத்தில் நகைப்புக்கு உள்ளாகின்றனர், பிரசங்கத்தில் எச்சரிக்கையாகின்றனர். வாழ்ந்து காட்டும் கதையொன்று அவள் கைக்குக் கிடைத்தால், அது அவளை இழுத்துச் செல்லும் கண்ணி என்று அஞ்சுவதற்கு முன், அதுவரை நாம் அவளுக்கு எந்தக் கதையைக் கொடுத்தோம் என்று கேட்டுக்கொள்வது நேர்மையாகும்.

பிரசங்கியும் ஒரு கதைஞனே. வாரந்தோறும் பழங்கதைகளை எடுத்துப் புதிய செவிகளுக்குச் சொல்லுகிறான். சொல்லும்போது அவனும் பெயரற்றவரைப் பெயரற்றவராகவே விட்டுச் செல்வதுண்டு. நாம் இங்கு எழுத்தாளரிடம் வேண்டியவை மூன்று: பழமையைச் சான்றிதழாக்கற்க, இழந்தவரின் குலத்தையும் உழைப்பையும் மறவற்க, இரவோடு கதையை முடிக்கற்க. இம்மூன்றும் பிரசங்க மேடைக்கும் பொருந்துவன.

குடியாத்தத்தில் அடுத்த வைகாசியிலும் சிரசு வரும். கூட்டத்தின் கண்கள் அம்மனின் முகத்தை நோக்கும். அம்முகத்தைத் தாங்கும் உடல் எவளுடையது, அவள் ஏன் அணைத்தாள் என்னும் கதையைத் தமிழில் யாரேனும் முழுமையாக எழுதுவாராயின், அதனை முதலில் வாங்கிப் படிப்போருள் இவ்விதழின் வாசகர்களும் இருத்தல் வேண்டும் என்பது நம் விருப்பம்.